மாதச் சம்பளம் இல்லாமல் மொழிபெயர்ப்பில் நிலைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2011 முதல் மதுரையில் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்துப் பிழைக்கிறேன். மருத்துவ ஆய்வுப் படிவங்கள், செல்பேசிச் செயலிகள், காப்பீட்டு ஆவணங்கள், அவ்வப்போது ஒரு புத்தகம். இந்தத் தொழிலுக்கு வர நினைப்பவர்களும் வந்து இரண்டு வருடத்தில் திணறுபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

இப்போது பார்க்கும் வேலையை விட்டுவிட்டு இறங்கலாமா?

உடனே வேண்டாம். ஆறு மாத வீட்டுச் செலவு வங்கியில் இருக்க வேண்டும். ஒருமுறை வேலை கொடுத்தவர், நீங்கள் கேட்காமலே இரண்டாம் முறையும் கொடுத்திருக்க வேண்டும். அப்படி இரண்டு பேராவது இருந்தால் ராஜினாமா கடிதம் எழுதலாம். முதல் வேலை தெரிந்தவர் மூலமாகவோ அதிர்ஷ்டத்தாலோ வந்துவிடும். இரண்டாவது வேலை உங்கள் எழுத்தைப் பார்த்துத்தான் வரும். நான் வேலையை விட்டபோது கையில் பணம் இருந்தது, திரும்பி வரும் ஆள் ஒருவர்கூட இல்லை. அந்தப் பணம் ஏழு மாதத்தில் தீர்ந்துபோனது.

ஒரு சொல்லுக்கு எவ்வளவு கேட்பது?

"மார்க்கெட் ரேட் என்ன?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதிலிருந்து தொடங்கினால் கடைசிவரை அடுத்தவர் சொன்ன விலைக்குத்தான் வேலை செய்வீர்கள். உங்கள் வீட்டிலிருந்து தொடங்குங்கள். கணக்கைப் போட்டே காட்டுகிறேன்.

வீட்டுச் செலவு மாதம் 45,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் வேலை நாள் 22. அதில் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவது, பில் போடுவது, கலைச்சொல் தேடுவது, பழைய வேலையில் திருத்தம் செய்வது எல்லாம் போக, காசு வரும் நாள் 15 தேறினால் பெரிது. சரிபார்த்து அனுப்பும் தரத்தில் ஒரு நாளைக்கு 2,000 சொல் செய்யலாம். ஆக மாதம் 30,000 சொல். 45,000 ரூபாயை 30,000 சொல்லால் வகுத்தால் ஒரு சொல்லுக்கு 1 ரூபாய் 50 காசு. இது சாப்பாட்டுக்கு மட்டுமே ஆகும். வரி, மருத்துவக் காப்பீடு, புதுக் கணினி, வேலையே வராத மே மாதம், உடம்பு முடியாத பத்து நாள், முதுமைக்கான சேமிப்பு எதுவும் இதில் இல்லை. சம்பளக்காரருக்கு நிறுவனம் வருங்கால வைப்பு நிதிக்குத் தன் பங்கைப் போடும். நமக்கு அதையும் நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் சேர்த்தால் 2 ரூபாய் 25 காசு, 2 ரூபாய் 50 காசு என்று போய் நிற்கும். அதுதான் உங்கள் அடிவிலை. அதற்குக் கீழே ஒரு வேலை வந்தால் வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் உங்கள் கையில் எண்ணாக இருக்கும். எண் இருந்தால் மறுக்கும்போது குரல் தடுமாறாது.

எந்த மொழிச் சொல்லை எண்ணி விலை போடுவது?

மூலத்தை, அதாவது ஆங்கிலச் சொற்களை. தமிழ் ஒட்டுநிலை மொழி, அதாவது ஒரே சொல்லோடு விகுதிகள் ஒட்டிக்கொண்டே போகும். 'வில் நாட் பீ ஏபிள் டு கம்' என்பது ஆங்கிலத்தில் ஆறு சொல், தமிழில் 'வரமுடியாது' என்ற ஒரே சொல். நான் செய்யும் ஆவணங்களில் ஆயிரம் ஆங்கிலச் சொல் தமிழில் எழுநூறு, எழுநூற்றைம்பதாகச் சுருங்குகிறது. இலக்குச் சொல்லை, அதாவது தமிழ்ச் சொல்லை எண்ணித் தருகிறோம் என்று யாராவது சொன்னால், கால் பங்கோ அதற்கு மேலோ விலை குறைத்துக் கேட்கிறார்கள் என்று பொருள். மூலம் ஸ்கேன் செய்த படமாக இருந்து எண்ண முடியாமல் போனால் பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ளுங்கள்.

முதல் வாடிக்கையாளர் எங்கே கிடைப்பார்?

மொழிபெயர்ப்பு நிறுவனங்களில்தான் பெரும்பாலோர் தொடங்குகிறோம். பெங்களூரு, புணே, டெல்லி, மும்பையில் நிறைய இருக்கின்றன. அவர்களுக்கு நீங்கள் அனுப்பும் கடிதத்தில் 'எல்லாத் துறையும் செய்வேன்' என்று எழுதாதீர்கள். நீங்கள் முன்பு பார்த்த வேலையே உங்கள் துறை. செவிலியராக இருந்தவர் மருத்துவ ஆவணம் செய்யட்டும், வங்கியில் இருந்தவர் கடன் ஒப்பந்தம் செய்யட்டும். வேளாண்மை படித்தவருக்கு விதை, உரம், பூச்சிமருந்துத் துண்டறிக்கைகள் இருக்கின்றன. அந்த வேலைக்கு ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. 'த்ரிப்ஸ்' என்ற பூச்சியை விவசாயி 'இலைப்பேன்' என்றுதான் சொல்வார் என்று தெரிந்தவரை ஒருமுறை பிடித்த நிறுவனம் எளிதில் விடாது.

சோதனைப் பகுதி இலவசமாகச் செய்து தரச் சொல்கிறார்கள். செய்யலாமா?

250, 300 சொல் வரை செய்யலாம். இரண்டாயிரம் சொல் கேட்டால் அது சோதனை கிடையாது. ஒரே ஆவணத்தைப் பத்துத் துண்டாக்கிப் பத்துப் பேரிடம் 'சோதனை' என்று கொடுத்து வேலையை முடித்துக்கொள்பவர்கள் உண்டு. பதிவுக் கட்டணம் கேட்பவரிடம் பேச்சே வைத்துக்கொள்ளாதீர்கள். தவறுதலாக அதிகப் பணம் அனுப்பிவிட்டோம், மீதியைத் திருப்பி அனுப்புங்கள் என்று வெளிநாட்டிலிருந்து காசோலையோடு வருபவரிடமும் அப்படித்தான். அந்தக் காசோலை பிறகு திரும்பிவிடும், நீங்கள் அனுப்பிய 'மீதி' திரும்பாது.

இயந்திரமே மொழிபெயர்க்கிறதே, இந்தத் தொழிலுக்கு இன்னும் எத்தனை நாள்?

எல்லோரையும் உறுத்தும் கேள்வி இதுதான். கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் 2011இல் வந்தது. அன்றைக்கு அதைக் காட்டிச் சிரித்தோம். 2017இல் இந்திய மொழிகளுக்கு, முழு வாக்கியத்தையும் சேர்த்துப் பார்க்கும் நரம்பியல் வலையமைப்பு முறை வந்தபோது சிரிப்பு நின்றது. சாட்ஜிபிடி போன்ற இப்போதைய மொழி மாதிரிகள் எழுதும் பொதுவான தமிழ் பல இடங்களில் நன்றாகவே இருக்கிறது. 'எங்கள் நிறுவனத்துக்கு உங்களை வரவேற்கிறோம்' என்ற வகை வேலை போய்விட்டது, இனி திரும்பாது. அதை மட்டும் நம்பியிருந்தவர்கள் கஷ்டப்படுகிறார்கள். இதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் நான் தினமும் பார்க்கும் இரண்டு இடங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, செயலி. திரையில் 'இன்னாருக்குப் பணம் அனுப்பப்பட்டது' என்று வர வேண்டும். பெயர் வர வேண்டிய இடத்தில் சுருள் அடைப்புக்குறி ஒன்றைப் போட்டு, அதன் பின்னால் 'க்கு' சேர்த்து இயந்திரம் கொடுத்துவிடும். ரவி என்றால் 'ரவிக்கு', பிழையில்லை. கண்ணன் வந்தால் 'கண்ணன்க்கு', மாலா வந்தால் 'மாலாக்கு' என்று திரையில் நிற்கும். 'கண்ணனுக்கு', 'மாலாவுக்கு' என்று புணர்வதை வெறும் அடைப்புக்குறியால் அறிய முடியாது. இதை முன்கூட்டியே கண்டு, வாக்கியத்தையே 'பணம் அனுப்பப்பட்டது. பெறுபவர்: இன்னார்' என்று மாற்றி எழுத வேண்டும். ஏன் மாற்றினேன் என்று தமிழ் தெரியாத பொறியாளருக்கு இரண்டு வரியில் விளக்கவும் வேண்டும். ஒருமுறை இப்படி விளக்கி அனுப்பியதற்கு, அந்தச் செயலியின் கன்னட, மலையாளக் கோப்புகளிலும் இதே சிக்கல் இருப்பதைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டதாக எழுதினார்கள். இன்றுவரை அவர்கள் என் வாடிக்கையாளர்கள்.

இரண்டாவது, அறுவை சிகிச்சைக்குப் பிறகு நோயாளிக்குக் கொடுக்கும் தாள். 'டிஸ்சார்ஜ்' என்ற சொல் ஒரே பக்கத்தில் இரண்டு முறை வந்தது. ஓரிடத்தில் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புவது, இன்னோரிடத்தில் காயத்திலிருந்து வடியும் நீர். இயந்திரம் முன்கூட்டியே மொழிபெயர்த்துத் தந்த கோப்பில் இரண்டுமே 'வெளியேற்றம்'. 'வெளியேற்றம் மஞ்சள் நிறமாக இருந்தால் மருத்துவரை அழைக்கவும்' என்பதைப் படித்து, தையல் போட்ட ஒரு பெரியவர் என்ன புரிந்துகொள்வார்? 'புண்ணிலிருந்து மஞ்சளாக நீர் அல்லது சீழ் வடிந்தால்' என்று எழுதினேன். மருந்து ஆய்வுப் படிவங்களும் இப்படித்தான். ஆய்வில் சேர்பவருக்கு, அவருக்குப் புரியும் மொழியில் விளக்கி ஒப்புதல் பெற வேண்டும் என்று 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள் சொல்கின்றன. அந்த ஒப்புதல் படிவத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைப்பவர் என் சொல்லை நம்பித்தான் வைக்கிறார்.

தன் பெயரைக் கொடுத்துச் சொல்லுக்குப் பொறுப்பேற்கும் ஆள் தேவைப்படும் இடங்களில் நமக்கு வேலை இருக்கிறது. அந்த இடங்களை நோக்கி நகருங்கள்.

இயந்திரம் செய்ததைத் திருத்தும் வேலைக்குப் பாதி விலை தருகிறார்களே?

பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். கோப்பின் நடுவிலிருந்து ஒரு பக்கம் கேட்டு வாங்கி, கடிகாரத்தை வைத்துக்கொண்டு திருத்திப் பாருங்கள். முதல் பக்கம் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும், அதனால் நடுப்பக்கம். புதிதாகச் செய்ய ஆகும் நேரத்தில் முக்கால் பங்கு ஆனால், முக்கால் விலை கேளுங்கள். நான் இந்த வேலையை மணிக் கணக்கில்தான் எடுக்கிறேன்.

மென்பொருள் எதுவும் வாங்க வேண்டுமா?

தொடக்கத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒமேகா-டி போதும். டிராடோஸ், மெமோக்யூ எல்லாம் வாடிக்கையாளர் கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம், பல நிறுவனங்கள் உரிமத்தை அவர்களே தருகிறார்கள். இந்த மென்பொருள்கள் நீங்கள் முன்பு செய்த வாக்கியங்களை நினைவில் வைத்து, ஒத்த வாக்கியம் வரும்போது எடுத்துக் கொடுக்கும். அதைக் காட்டி விலைக் குறைப்பு கேட்பார்கள். அச்சு அசலாக ஒரே வாக்கியம் என்றால் குறைக்கலாம். பாதி ஒத்துப்போகும் வாக்கியத்துக்குக் குறைக்காதீர்கள், தமிழில் பாதி மாறினால் முழு வாக்கியத்தையும் பிரித்துக் கட்ட வேண்டியிருக்கும்.

கலைச்சொல்லுக்குத் தமிழ்நாடு அரசின் சொற்குவை தளத்தைப் பார்ப்பேன். அதைவிட எனக்குப் பயன்படுவது 2012இலிருந்து நானே சேர்த்துவரும் எக்செல் கோப்பு. எந்தச் சொல், எந்த வாடிக்கையாளர், ஏன் அந்தத் தமிழ்ச்சொல் என்று மூன்று கட்டங்கள். வீட்டில் தீப்பிடித்தால் முதலில் எடுத்துக்கொண்டு ஓடும் பொருள் எனக்கு அதுதான்.

வேலை முடித்துக் கொடுத்தும் பணம் வரவில்லை. என்ன செய்வது?

எனக்கும் நடந்தது. வெளியூர் நிறுவனம் ஒன்று, ஒழுங்காகப் பணம் கொடுத்து வந்தது. என் வருமானத்தில் முக்கால் பங்கு அங்கிருந்துதான். அந்தத் தெம்பில் மற்றவர்களின் வேலையைத் தட்டிக்கழித்தேன். முப்பது நாள் தவணை அறுபதானது, அறுபது தொண்ணூறானது. "அடுத்த வாரம் கண்டிப்பா போட்டுடறோம் மேடம்" என்று கணக்குப் பிரிவுப் பையன் சொல்லிக்கொண்டே இருந்தான். ஒருநாள் அந்த எண் எடுக்கப்படவே இல்லை. நாலு மாத உழைப்பு போயிற்று. அன்றிலிருந்து ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வராமல் பார்த்துக்கொள்கிறேன்.

சட்டம் நமக்குச் சாதகமாகவே இருக்கிறது, நிறையப் பேர் பயன்படுத்துவதில்லை. தனியாளாகச் சேவை தருபவரும் உத்யம் என்ற மத்திய அரசுத் தளத்தில் குறுந்தொழிலாகப் பதியலாம். பதிவு முற்றிலும் இலவசம், காசு கேட்கும் போலித் தளங்களில் சிக்காதீர்கள். பதிவு இருந்தால், 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தமே இருந்தாலும் 45 நாளைத் தாண்டித் தவணை வைக்க முடியாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இந்தியாவுக்குள் இருக்கும் வாடிக்கையாளர் என்றால் குறு, சிறு தொழில்களின் பணப் பாக்கியை விசாரிக்க மாநிலத்திலுள்ள வசதிப்படுத்தும் மன்றத்தில் முறையிடலாம். வருமான வரிச் சட்டத்திலும், குறு, சிறு தொழில்களுக்கு நேரத்துக்குத் தராத தொகையை அந்த ஆண்டின் செலவாக வாங்கியவர் கழித்துக்கொள்ள முடியாது என்ற விதி 2023-24 நிதியாண்டிலிருந்து நடைமுறைக்கு வந்தது. பில்லின் அடியில் உத்யம் எண்ணை அச்சிடத் தொடங்கிய பிறகு எனக்கு வரும் பணம் சீக்கிரமாகவே வருகிறது. பிரச்சினை வந்தபின் ஓடிப்போய்ப் பதிவதைவிட வேலை எடுக்கும் முன்பே பதிந்துவிடுங்கள்.

அப்புறம், தொலைபேசியில் சொன்ன வேலையைத் தொடங்காதீர்கள். எத்தனை சொல், என்ன விலை, எந்தத் தேதி, எத்தனை நாளில் பணம் என்ற நான்கும் மின்னஞ்சலில் வந்த பிறகே கோப்பைத் திறக்க வேண்டும்.

வரி, ஜிஎஸ்டி?

சேவைக்கு ஜிஎஸ்டி பதிவு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்போதுதான் கட்டாயம். இந்திய நிறுவனங்கள் நம் கட்டணத்தில் வழக்கமாக 10% டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே வருமான வரி பிடிப்பார்கள். அது போன காசு என்று நினைத்து விட்டுவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். வருமான வரித் தளத்தில், 26ஏஎஸ் என்று அறியப்படும் வரிப் பிடித்தப் படிவத்தில் அது உங்கள் பெயரில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், கணக்குத் தாக்கல் செய்தால் வரி போக மீதி திரும்பி வரும். வெளிநாட்டுப் பணத்துக்கு வங்கி தரும் வரவுச் சான்றை ஒவ்வொரு முறையும் வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. 'ஃப்ரீலான்சர் எல்லோரும் வரவில் பாதியை லாபமாகக் காட்டினால் போதும், 44ஏடிஏ இருக்கிறது' என்று சொல்கிறார்கள். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் அந்தப் பிரிவு குறிப்பிட்ட தொழில்களுக்கு மட்டுமே. மருத்துவம், சட்டம், பொறியியல், கட்டடக்கலை, கணக்கியல், தகவல் தொழில்நுட்பம் என்று நீளும் அந்தப் பட்டியலில் மொழிபெயர்ப்பு பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டமே நடைமுறை, அதில் பிரிவு எண்கள் வேறு. ஆண்டுக்கு ஒருமுறை ஆடிட்டரிடம் கொடுக்கும் கட்டணம் வீண்செலவு ஆகாது. இணையக் கட்டணம், மின்சாரம், கணினி, அகராதி எல்லாவற்றுக்கும் பில் எடுத்து வைத்திருங்கள்.

புத்தகம் மொழிபெயர்த்தேன். உரிமை யாருக்கு?

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, மூல ஆசிரியரின் அனுமதியோடு செய்த மொழிபெயர்ப்புக்கு மொழிபெயர்ப்பாளரே முதல் உரிமையாளர், நீங்கள் சம்பள ஊழியராக இல்லாத பட்சத்தில். உரிமையை எழுத்தில் கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்தால்தான் பதிப்பகத்துக்குப் போகும். எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் ஐந்தாண்டு, எந்த எல்லைக்குள் என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ஒப்பந்தத்தில் இந்த இரண்டையும் முதலில் தேடிப் படியுங்கள். அட்டையில் பெயர் வேண்டும் என்று கேளுங்கள். கேட்டவர்களுக்குக் கிடைத்திருக்கிறது.

ஒரு மாதம் லட்சம், அடுத்த மாதம் எட்டாயிரம். எப்படிக் குடும்பம் நடத்துவது?

விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அறுவடை வந்த மாதத்தில் விதைநெல்லைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் அரிசி குத்துவார்கள். எனக்கு இரண்டு வங்கிக் கணக்குகள். எல்லா வரவும் முதல் கணக்குக்கு வரும். ஒன்றாம் தேதி அதிலிருந்து 45,000 வீட்டுக் கணக்குக்குச் 'சம்பளமாக' போகும், லட்சம் வந்த மாதமும் அதேதான். வரிக்கான பங்கும் முதல் கணக்கிலேயே கிடக்கும்.

முதுமைக்குப் பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) இருக்கிறது, ஆண்டுக்கு 1.5 லட்சம் வரை போடலாம், 15 ஆண்டு. தேசிய ஓய்வூதியத் திட்டமும் 2009 முதல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. மருத்துவக் காப்பீட்டை நோய் எதுவும் வருமுன்பே எடுங்கள், ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு மூன்றாண்டு வரை காத்திருக்க வைப்பார்கள். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டிருக்கிறது.

வீட்டில் இருப்பதால் யாரும் வேலையாகவே மதிப்பதில்லையே?

"அக்கா, நீங்க வீட்லதானே இருக்கீங்க, சிலிண்டர் வந்தா வாங்கி வச்சிடுங்க" என்று பக்கத்து வீட்டுத் தங்கை சாவியைக் கொடுத்துவிட்டுப் போவாள். அன்பாகத்தான் கேட்பாள். ஒருநாள் அவளை மாடிக்கு அழைத்து, திரையில் இருந்த புற்றுநோய் மருந்துப் படிவத்தைக் காட்டி, "இதுல ஒரு வார்த்தை தப்பா போட்டா யாரோ ஒருத்தர் மருந்தைத் தப்பா சாப்பிடுவாங்க" என்றேன். அதன் பிறகு சிலிண்டர் மாலை ஐந்துக்கு மேல்தான் வருகிறது. என் மாமியாருக்கும் இப்படித்தான் புரிய வைத்தேன். கதவு மூடியிருந்தால் வேலை, திறந்திருந்தால் வீடு.

உடம்பு?

கழுத்தும் மணிக்கட்டும்தான் முதலில் போகும். தமிழ்99 விசைப்பலகைக்கு மாறுங்கள். 'தங்கம்' என்று அடிக்க ஆங்கில ஒலிமுறையில் ஏழு தட்டு, தமிழ்99இல் ஐந்து. பழக மூன்று வாரம் ஆகும். ஒரு நாளில் இரண்டாயிரம் சொல் அடிப்பவருக்கு அந்த மிச்சம் மணிக்கட்டில் தெரியும்.

பழைய வாடிக்கையாளரிடம் விலை ஏற்றிக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. என்ன எழுதுவது?

கூச்சம் வரும், எனக்கும் ஒவ்வொரு முறையும் வருகிறது. மன்னிப்புக் கேட்காமல், காரணத்தை நீட்டாமல், ஏப்ரல் மாதத்துக்கு ஒன்றரை மாதம் முன்பே எழுதிவிடுங்கள். நான் இந்த வருடம் பிப்ரவரியில் அனுப்பியது இவ்வளவுதான்:

"வணக்கம். ஏப்ரல் 1 முதல் என் கட்டணம் சொல்லுக்கு 2 ரூபாய் 75 காசு. அதற்கு முன் உறுதிசெய்த வேலைகளுக்குப் பழைய விலையே. உங்கள் கலைச்சொல் பட்டியலில் இந்த ஆண்டு 212 சொற்கள் சேர்ந்திருக்கின்றன, புதுப்பித்த கோப்பை இணைத்திருக்கிறேன்."

ஆறு பேருக்கு அனுப்பினேன். நான்கு பேர் சரி என்றார்கள். ஒருவர் பேரம் பேசி 2 ரூபாய் 60 காசுக்கு வந்தார். ஒருவர் பதில் எழுதவில்லை, ஜூன் மாதம் அவசர வேலை ஒன்றோடு திரும்பி வந்தார், புது விலைக்கு.